தள்ளாமையும் மனச்சோர்வும்: எது எதைக் கொண்டுவருகிறது, மரபணுவுக்கு இதில் என்ன பங்கு?

கேள்வி: பெரம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 74. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அம்மா மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அப்பா சோர்ந்துபோனது அதற்குப் பிறகுதான் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நிதானமாக எண்ணிப் பார்த்தால் அதற்கு ஓராண்டு முன்பே அவர் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதை விட்டுவிட்டார் என்பது நினைவுக்கு வருகிறது. முதுகு வலிக்கிறது என்றார், நாங்களும் நம்பிவிட்டோம்.

இந்த ஓராண்டில் அவருடைய எடை 63 கிலோவிலிருந்து 58 ஆகியிருக்கிறது. வீட்டில் வேட்டியிலேயே இருப்பதால் அது எங்கள் கண்ணில் படவில்லை. ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் புறப்பட்ட அன்று பேண்ட் போட்டவர், பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எடை பார்க்கும் எண்ணமே எங்களுக்கு வந்தது. நடை மிகவும் குறைந்துவிட்டது. காலையில் நாளிதழைப் பிரிக்கிறார், ஆனால் படிப்பதில்லை. "எதைச் செய்தாலும் மலையைப் பெயர்ப்பது போல இருக்கிறது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

முதலில் பார்த்த மருத்துவர், வயதானால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது மருத்துவர் இது டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார், அதை இன்னும் தொடங்கவில்லை. பிசியோதெரபிஸ்டாக இருக்கும் உறவினர் ஒருவர், இது ஃப்ரெயில்டி, உடம்பைத் தேற்றினால் மனம் தானாகத் தேறும் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன், இரண்டுக்கும் ஒரே மரபணுக்கள்தான் காரணம் என்றும், ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது மரபணு ஆய்வில் உறுதியாகிவிட்டது என்றும் ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்கும் எனக்கும் மரபணுச் சோதனைப் பெட்டி வாங்கி அனுப்பவும் தயாராக இருக்கிறார்.

அப்பாவுக்கு முதலில் வந்தது எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? மரபணு ஆய்வுகள் உண்மையில் எதை நிறுவியிருக்கின்றன? எனக்கு வயது 46. இது எனக்கும் வருமா?

பதில்: எண்ணும்எழுத்தும்

நான் மருத்துவன் அல்லன். உயிர்ப்புள்ளியியல் கற்பிப்பவன், ஆகவே உங்கள் அண்ணன் அனுப்பிய செய்தியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஃப்ரெயில்டி என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, தள்ளாமை என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. டிப்ரஷனை மன அழுத்தம் என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அது உடன்பாடில்லை. அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு.

ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறதா என்று கேட்பதற்கு முன், இவ்விரண்டையும் எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். தள்ளாமைக்குப் பரவலாக வழங்கும் வரையறை 2001இல் லிண்டா ஃப்ரீடும் அவருடைய குழுவினரும் தந்தது. தானாகக் குறையும் எடை, களைப்பு, தளர்ந்த கைப்பிடி, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் தள்ளாமை, ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் முன்நிலை. இவற்றில் களைப்பை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு கேள்விகளும் மனச்சோர்வை அளப்பதற்கென்றே உருவான ஒரு வினாத்தாளிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒன்று, செய்வதெல்லாம் பெரும்பாடாக இருந்ததா என்பது. உங்கள் தந்தையார் மலையைப் பெயர்ப்பது போல என்று சொன்னது ஏறத்தாழ அதே வாக்கியம். மனச்சோர்வுக்கான வழக்கமான வினாத்தாள்களோ பசியையும் களைப்பையும் அசைவு மந்தமாவதையும் கேட்கின்றன. ஒரே அறிகுறி இரண்டு கணக்கிலும் வரவு வைக்கப்படுகிறது. இரண்டு கணக்குகளும் ஒத்துப்போவதில் ஒரு பங்கு இந்த வரவினால் வருவது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் முழுவதையும் அப்படித் தள்ளிவிட முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஒரு கட்டுரையின்படி, தள்ளாமை உள்ள முதியவர்களில் பத்தில் நால்வர் அளவுக்கு மனச்சோர்வும், மனச்சோர்வு உள்ளவர்களில் பத்தில் நால்வர் அளவுக்குத் தள்ளாமையும் காணப்பட்டன.

இனி மரபணு. உங்கள் அண்ணன் சொல்லும் முறைக்கு மெண்டேலியன் ரேண்டமைசேஷன் என்று பெயர், வகுப்பில் நான் மரபுக் குலுக்கல் என்று சொல்வேன். 2003இல் ஜார்ஜ் டேவி ஸ்மித், ஷா இப்ராகிம் ஆகிய இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இது பெருவழக்காயிற்று. தாயிடமிருந்து எந்தப் பாதி, தந்தையிடமிருந்து எந்தப் பாதி என்பது குலுக்கிப் போட்டு எடுத்த சீட்டைப் போலக் கருவிலேயே முடிவாகிவிடுகிறது. பிற்காலத்தில் மனைவியை இழப்பதோ மூட்டுத் தேய்வதோ அந்தச் சீட்டைத் திருத்த முடியாது. ஆகவே மனச்சோர்வுக்கான வாய்ப்பைச் சற்றே கூட்டும் சீட்டுகளை அதிகம் பெற்றவர்களிடம் முதுமையில் தள்ளாமையும் கூடுதலாக இருக்குமானால், மனச்சோர்விலிருந்து தள்ளாமைக்கு ஒரு வழி இருக்கிறது என்று ஊகிக்கலாம். எதிர்த்திசைக்கும் அதே கணக்கு. இப்படிச் செய்து பார்த்த ஆய்வுகள் இரு திசையிலும் தொடர்பு இருப்பதாகவே சொல்லியிருக்கின்றன, அந்த அளவில் உங்கள் அண்ணன் சொல்வது சரி.

உறுதியாகிவிட்டது என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. ஒரு சீட்டு ஒரே வழியாகத்தான் வேலை செய்கிறது என்பது இந்த முறையின் அடிப்படை அனுமானம். ஒரு மரபணு மாறுபாடு உடற்பருமனையோ நாள்பட்ட அழற்சியையோ கூட்டி, அதன் மூலம் மனத்தையும் உடலையும் தனித்தனியே பாதித்தால், இரண்டுக்கும் இடையே வழியே இல்லாதபோதும் வழி இருப்பது போலத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்கச் சில சோதனைகள் இருக்கின்றன. அவை ஐயத்தைக் குறைக்கும், போக்கிவிட மாட்டா.

அளவுகோல் சிக்கல் இங்கேயும் வந்து நிற்கிறது. தள்ளாமைக்கான மரபணுக்களைத் தேடிய முன்னோடி ஆய்வு 2021இல் வெளியாயிற்று. பிரிட்டனில் பல லட்சம் பேரின் உடல்நல, மரபணுத் தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் யுகே பயோபேங்கிலும் ஸ்வீடனின் இரட்டையர் தொகுப்பிலும் இருந்த சுமார் 1,75,000 பேரை ஆராய்ந்து, மரபணுத் தொகுதியில் 14 இடங்களை அது அடையாளம் காட்டியது. அதில் பயன்பட்டது ஃப்ரீடின் ஐந்து குறிகள் அல்ல, 49 குறைபாடுகளை எண்ணிக் கூட்டும் ஒரு பட்டியல். அந்த 49இல் தனிமை, பதற்றம், வாழ்க்கை சலித்துப்போதல் போன்ற மனநிலைக் கேள்விகளும் உண்டு. மனச்சோர்வின் மரபணுக்கள் இந்தப் பட்டியலின் மதிப்பெண்ணைக் கூட்டுகின்றன என்று ஒருவர் கண்டுபிடித்தால், அதில் எவ்வளவு உடலுக்கு, எவ்வளவு மனநிலைக் கேள்விகளுக்கு என்று கேட்காமல் விடலாமா? இருந்தாலும் அந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. தள்ளாமையோடு தொடர்புடைய மரபணுக்கள் அதிகம் செயல்படும் இடம் தசையாக இருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கிடைத்த விடையோ மூளை, குறிப்பாக முன்மூளைப் புறணியும், நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும்.

அந்த மாதிரியில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. அழைப்பு பெற்றவர்களில் வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தரைப் பேர், பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினர், பொதுமக்களைவிட நலமானவர்கள். அங்கே கணித்த மரபணு மதிப்பெண்ணைக் கொண்டுவந்து பெரம்பூரில் ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்பது, லண்டன் குளிருக்குத் தைத்த சட்டையைச் சித்திரை மாதத்தில் மாட்டிக்கொள்வது போன்றது. சோதனைப் பெட்டிக்கு என் பதிலும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

பதில்: முதியோர்நலம்

முதியோர் மருத்துவத்தில் பணியாற்றுகிறேன். நேரில் பாராமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். எது முதலில் வந்தது என்பதற்கு முன்னால், இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறதா என்பதைப் பார்த்தாக வேண்டும். ஓராண்டில் 63 கிலோவில் 5 கிலோ தானாகக் குறைவது சிறிய செய்தி அல்ல. காசநோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, தைராய்டுக் கோளாறு, இரத்தசோகை, எங்கோ வளரும் ஒரு கட்டி ஆகிய ஒவ்வொன்றையும் விலக்கிவிட்டுத்தான் மனத்துக்கு வர வேண்டும். நடை மெதுவாகி, முகத்தில் உணர்ச்சி குறைந்து, கையெழுத்தும் சிறிதாகியிருந்தால் பார்க்கின்சன் நோயையும் நினைக்க வேண்டும், அது மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும். சர்க்கரைக்கு அவர் எடுப்பது மெட்ஃபார்மின் என்றால் வைட்டமின் பி12 அளவைக் கட்டாயம் பாருங்கள். அந்த மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு அது குறைவதுண்டு, குறைந்தால் கால் தள்ளாடும், மனமும் சோரும்.

முதலில் பார்த்தவர் வயதானால் இப்படித்தான் என்று சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு. 74 வயது என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென்று தனித்துறை முதன்முதலில் தொடங்கியதே நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான், 1978இல், பேராசிரியர் வி. எஸ். நடராசனின் முயற்சியால். இப்போது கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024 முதல் இயங்குகிறது. உடலையும் மனத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இத்தகைய துறைகளில் உண்டு என்பதால் ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள்.

முன்னவர் சொன்ன அளவுகோல் சிக்கலுக்கு எங்களிடம் ஓரளவுக்குத் தீர்வு இருக்கிறது. முதியோருக்கென்றே 1980களில் வடிவமைத்த ஒரு மனச்சோர்வு வினாத்தாள் தூக்கம், பசி போன்ற உடல்சார்ந்த அறிகுறிகளைக் கூடியவரை தவிர்த்துவிட்டு, வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா என்பன போன்றவற்றை ஆம், இல்லை என்ற விடைகளோடு கேட்கும். மறுபக்கம், நடையையும் கைப்பிடியையும் அளக்க எந்தக் கேள்வியும் தேவையில்லை, கடிகாரமும் கருவியும் போதும். ஆசிய நாடுகளுக்கென்று 2019இல் வகுத்த அளவின்படி ஆண்களின் கைப்பிடி வலு 28 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது தளர்வு. நடை நொடிக்கு ஒரு மீட்டரை எட்ட வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் தளர்வே. உங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் ஆறரை டைல்ஸ் ஏறத்தாழ நான்கு மீட்டர். அப்பாவை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, கைப்பேசியில் நேரம் பாருங்கள். தொடங்கும் இடத்துக்கு இரண்டு எட்டு முன்பிருந்தே அவர் நடந்து வரட்டும், நின்ற இடத்திலிருந்து புறப்பட்டால் கணக்குப் பிசகும்.

மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதியோருக்குப் பொதுவாக எழுதும் மனச்சோர்வு மாத்திரைகளில் சில இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. சிறுநீரைக் கூட்டும் இரத்த அழுத்த மாத்திரையும் கூட இருந்தால் அந்த ஆபத்து அதிகம், சோடியம் குறைந்தால் மயக்கமும் விழுதலும் வரும். மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதிய மருத்துவரிடம் மற்ற மாத்திரைகளின் பெயர்களையும் காட்டி, தொடங்கிய சில வாரங்களில் சோடியம் பார்க்கலாமா என்று கேளுங்கள். சாப்பாட்டையும் கவனியுங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பரிந்துரை. உங்கள் தந்தையாருக்கு அது 58 முதல் 70 கிராம். இரவில் இரசம் சோறு மட்டும் போதும் என்று சொல்பவருக்கு அதில் பாதி கிடைப்பதே அரிது. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பதில்: திருவான்மியூர்க்கடற்கரை

மருத்துவர் ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். உடம்பைத் தேற்றினால் மனம் தானாகத் தேறும் என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். என் தாயாருக்கு இதே நிலை வந்தபோது நாங்களும் அப்படியே நம்பினோம். தினமும் காலையில் கையைப் பிடித்து எழுப்பி, நடங்கள் நடங்கள் என்று ஐந்து மாதம் மன்றாடினோம். அவர் நடக்கவில்லை. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் நான் கோபத்தில் கத்தியும்விட்டேன். பிறகு மனநல மருத்துவர் ஒருவர் விளக்கியபோதுதான், எழவேண்டும் என்ற எண்ணம் எழுவதே அந்நோயில் அறுந்துபோகிறது என்பது எனக்குப் புரிந்தது. மாத்திரை தொடங்கி ஆறேழு வாரம் கழித்து ஒரு மாலை அவரே செருப்பைத் தேடினார். உடற்பயிற்சி அவருக்குப் பயன்பட்டது அதற்குப் பிறகுதான். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வாசலைத் தாண்டவே முடியாதவரிடம் உடற்பயிற்சியை மட்டும் மருந்தாகக் கொடுத்தால், அவருடைய குற்றவுணர்ச்சிக்கு மேல் இன்னொரு குற்றவுணர்ச்சியைத்தான் ஏற்றுகிறோம்.

இன்னொன்றையும் தயங்காமல் கேட்டுவிடுங்கள். இருந்து என்ன பயன் என்பது போல அப்பா எப்போதாவது சொல்கிறாரா? கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

மறுமொழி: பெரம்பூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. அன்று மாலையே அப்பாவிடம் நேராகக் கேட்டேன். அப்படி எண்ணம் இல்லை, உன் அம்மா இல்லாமல் நாள் நகர மறுக்கிறது, அவ்வளவுதான் என்றார். பதினான்கு மாதத்தில் அவரே வாய்விட்டு அம்மாவைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை.

ஆறரை டைல்ஸை அளந்தோம், ஏழு நொடி ஆயிற்று. நாற்காலியிலிருந்து மூன்று முறைதான் எழ முடிந்தது. நான்காவது முறை கையை ஊன்றினார். எட்டாண்டுகளாக மெட்ஃபார்மின் எடுக்கிறார், பி12 பார்க்க இரத்தம் கொடுத்திருக்கிறோம். என் மூன்றாவது கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. தாத்தாவும் கடைசி ஆண்டுகளில் இப்படித்தான் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று அத்தை சொல்கிறார்.

பதில்: எண்ணும்எழுத்தும்

மன்னிக்கவும், அதற்குப் பதில் எழுத விட்டுவிட்டேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் மனச்சோர்வின் மரபுப் பங்கு சுமார் 37 சதவீதம் என்றும், தள்ளாமையின் மரபுப் பங்கு 30 முதல் 45 சதவீதம் வரை என்றும் கணித்திருக்கிறார்கள். தந்தைக்கு வந்தது மகளுக்கு 37 சதவீதம் வரும் என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் வந்தது என்பதே அந்த எண். உங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே குழாயில் ஒரே நேரம் மெட்ரோ தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது யார் தொட்டி முதலில் நிறைகிறது என்பதை முழுவதும் வீட்டு மோட்டார்தான் தீர்மானிக்கும். பாதித் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டால் மோட்டாரின் பங்கு சட்டென்று குறைந்துவிடும். மோட்டார் என்னவோ அதே மோட்டார்தான். மரபுப் பங்கும் அப்படியே சூழலுக்கு ஏற்ப ஏறி இறங்கும், தனி ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அதோடு, மனச்சோர்வுக்கு என்று கண்டறிந்த மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2019இல் எட்டு லட்சம் பேரிடம் பார்த்த ஓர் ஆய்வே 102 மாறுபாடுகளைச் சொல்லிற்று. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. அறுபது வயதுக்குப் பிறகு முதன்முறையாக வரும் மனச்சோர்வில், இளமையில் தொடங்குவதைவிடக் குடும்ப வரலாற்றின் பங்கு குறைவு, மூளையின் நுண்குழாய்களில் வரும் பாதிப்பின் பங்கு அதிகம் என்பதும் முதியோர் மனநலத் துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. அதாவது சர்க்கரையும் இரத்த அழுத்தமும். தாத்தா பேசாமல் உட்கார்ந்திருந்தது மரபணுவினாலா, அவர் காலத்தில் யாரும் அளந்து பார்க்காத இரத்த அழுத்தத்தினாலா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. உங்கள் இரத்த அழுத்தத்தை நீங்கள் இந்த வாரமே பார்த்துவிடலாம்.

மறுமொழி: பெரம்பூர்வாசி

பார்த்தேன், 148க்கு 94. ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் பி12 மிகவும் குறைவாக இருந்ததால் ஊசி தொடங்கியாயிற்று. மனச்சோர்வு மாத்திரையையும் மருத்துவரிடம் பேசிவிட்டு, குறைந்த அளவில் தொடங்கிவிட்டோம், சோடியத்துக்கு அடுத்த வியாழக்கிழமை இரத்தம் கொடுக்க வேண்டும். பெட்டி அனுப்ப வேண்டாம், அந்தப் பணத்துக்குக் கைப்பிடி வைத்த நல்ல நாற்காலி ஒன்று வாங்கித் தா என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.